அறிக்கையில் இடம் கிடைக்காதவை

லண்டனில் ஆம்புலன்ஸ் ஊழியராக இருந்த ஒருவர் 2003இல் ‘டாம் ரெனால்ட்ஸ்’ என்ற புனைபெயரில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வேலையில் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். நோயாளியின் வயது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, மருத்துவமனையில் ஒப்படைத்த நேரம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. அந்த வீட்டுக்கு யாராவது வந்து எத்தனை நாளாகியிருக்கும், கூட வந்த மகன் ஏன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

அந்த வேலையில் இன்னொன்றும் இருக்கிறது. முடிவு தெரியாமலே கதை கையை விட்டுப் போய்விடும். ஒரு உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு பாதி நகரத்தைக் கடந்து வருகிறவர், அவசரப் பிரிவு வாசலில் ஒப்படைத்ததும் அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டும். பிழைத்தாரா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியவராது. இப்படி வாசலிலேயே அறுந்துபோகும் கதைகளை நாள்தோறும் சுமக்கிறவருக்கு எங்காவது இறக்கிவைக்கத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ரெனால்ட்ஸின் பதிவுகள் 2006இல் புத்தகமாக வந்தன. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் அவையே அடிப்படையாயின.

மருத்துவர், காவலர், செயலாளர், கணிதப் பேராசிரியர், விமானப் பணிப்பெண், உணவக சர்வர் என்று எழுத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத வேலையில் இருப்பவர்கள் வலைப்பதிவுக்கு வந்ததைப் பற்றிப் பேசும்போது, ‘உள்ளுக்குள் ஒரு எழுத்தாளர் ஒளிந்திருந்தார், இணையம் வழிவிட்டது’ என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. மீதிப் பாதி அவர்கள் பார்த்த வேலையிலேயே இருக்கிறது. எந்த வேலையானாலும் மற்றவர் கண்ணில் படாத ஒன்றைத் தினமும் பார்க்க வைக்கும். பார்த்ததை இன்ன வடிவத்தில்தான் எழுதலாம் என்று கையையும் கட்டிப்போடும். கேஸ் ஷீட், விசாரணை அறிக்கை, கூட்டக் குறிப்பு, ஆய்வுக் கட்டுரை, தீர்ப்பு எதிலும் ‘அப்போது எனக்கு என்ன தோன்றியது’ என்பதற்கு இடமில்லை. இருக்கவும் கூடாது. நாளாக ஆக அந்த மிச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. வலைப்பதிவில் வந்து விழுவது அதுதான்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2006இல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்று இந்த மனிதர்களைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறது. அந்நாட்டில் வலைப்பதிவு எழுதியவர்களில் 54 சதவீதம் பேர் அதற்கு முன் எங்கும் எதையும் எழுதி வெளியிட்டதில்லை. முக்கியமாக எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு 37 சதவீதம் பேர் ‘என் வாழ்க்கை, என் அனுபவம்’ என்றார்கள். அரசியல் என்றவர்கள் 11 சதவீதம்தான். பெரும்பாலும் தமக்காகவே எழுதுவதாகச் சொன்னவர்கள் 52 சதவீதம். புனைபெயரில் எழுதியவர்கள் 55 சதவீதம்.

கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனக்காக மட்டும் எழுதுகிறவருக்கு நோட்டுப் புத்தகம் போதுமே. ஊருக்கே சொல்ல வேண்டும் என்றால் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? முன்பின் தெரியாதவர்கள் படிக்க வேண்டும், தெரிந்தவர்கள் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்பதுதான் பலருடைய ஆசை. பத்திரிகையும் அதைத் தராது, நாட்குறிப்பும் தராது.

எழுதினால் மனபாரம் குறையும் என்ற காரணத்தையும் அடிக்கடி சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் வாழ்வின் மோசமான அனுபவங்களைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்த மாணவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் அவர்களுக்குப் பதில் எழுதவில்லை. வலைப்பதிவில் பதில் வரும். ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஒரு நர்ஸ் எழுதியதற்குக் கீழே, வேறொரு கண்டத்தில் இருக்கும் இன்னொரு நர்ஸ் ‘எனக்கும் போன வாரம் இதேதான்’ என்று எழுதுவது மனபாரம் இறங்குவதோடு சேர்த்தி இல்லை. அது சக ஊழியர் கிடைப்பது. பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு சக ஊழியர்.

இந்தப் பலதரப்பட்ட கூட்டம் ஏன் 2002, 2003, 2004 வாக்கில் திமுதிமுவென்று வந்தது என்பதற்கு எளிய விடை உண்டு. அதற்கு முன் வர வழியில்லை. ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994இலேயே தன் சொந்த வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் பக்கத்தைக் கையால் குறியீடு போட்டு எழுதி, சர்வரில் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் வந்தவர்களில் கணினிக்காரர்களே அதிகம், அவர்கள் எழுதியதும் பெரும்பாலும் கணினியைப் பற்றி. 1999இல் லைவ்ஜர்னல், பிளாக்கர் என்ற வலைப்பதிவுச் சேவைகள் இரண்டும் வந்தன. ஒரு பெட்டியில் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றானது. கூகுள் 2003 பிப்ரவரியில் பிளாக்கரை வாங்கியது, அதே ஆண்டு மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள் வந்தது. அப்புறம் அலுவலக மேஜையில் இணைய இணைப்பு சாதாரணமாகிவிட்டதும் ஒரு காரணம். தொடக்க காலப் பதிவுகள் பலவற்றில் நேரத்தைப் பார்த்தால் பிற்பகல் மூன்று மணி என்றிருக்கும். முதலாளியின் மின்சாரத்தில் எழுதப்பட்ட இலக்கியம் அது.

வேலை என்பது பதிவுக்கு விஷயம் தருவதோடு நிற்பதில்லை, அதன் அமைப்பையும் தீர்மானித்துவிடுகிறது. ஆம்புலன்ஸ்காரருக்கு ஒரு அழைப்பு ஒரு பதிவு. 2004இலிருந்து பெயர் சொல்லாமல் எழுதிய நியூயார்க் உணவக சர்வர் ஒருவருக்கு ஒரு மேஜை ஒரு கதை. வந்து உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், டிப்ஸ் வைத்தார்கள் அல்லது வைக்காமல் போனார்கள். தொடக்கமும் முடிவும் தொழிலே போட்டுக் கொடுத்தவை. புரோகிராமர்களின் பதிவு ஏறக்குறைய எப்போதும் ‘இந்தப் பிழை வந்தது, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், இதுதான் காரணம்’ என்று போகும். அதே பிழையில் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் தேடுகிற முகம் தெரியாத ஒருவருக்காக அது எழுதப்படுகிறது. அந்த வகைக்கு வாசகர் பஞ்சமே வராது. மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே ரேமண்ட் சென் 2003இல் தொடங்கிய பதிவு, விண்டோஸின் விநோதமான பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது. நிறுவனத்தின் கையேட்டில் ‘இது இப்படித்தான்’ என்று மட்டும்தான் போட்டிருக்கும். ஏன் இப்படி ஆனது என்ற வம்பு அவரிடம்தான் கிடைக்கும்.

ஏற்கெனவே எழுத மேடை உள்ளவர்களும் வந்தார்கள். பொருளியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கேரி பெக்கரும், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னரும் 2004 டிசம்பரில் கூட்டாக ஒரு பதிவு தொடங்கினார்கள். ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் எழுதுவார்கள். பெக்கர் 2014இல் இறக்கும் வரை அது நடந்தது. தீர்ப்பில் தன் முன் இருக்கும் வழக்கைத் தாண்டி நீதிபதி பேச முடியாது. ஆய்வுக் கட்டுரையில் சான்று இல்லாமல் ஊகம் சொல்ல முடியாது. இவர்களுக்கு மிஞ்சிப்போனது அந்த ஊகங்கள்.

கணிதக்காரர்கள் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமானது. கணித ஆய்வேடு முடிந்த நிரூபணத்தை மட்டும் காட்டும். எத்தனை சந்துகளில் நுழைந்து சுவரில் முட்டித் திரும்பினார்கள் என்பது அதில் வரவே வராது, வந்தால் அசிங்கம் என்று நினைக்கும் துறை அது. கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டிமதி கவர்ஸ் 2009 ஜனவரியில் தன் வலைப்பதிவில், பலர் ஒன்றாகக் கூடி வெளிப்படையாகவே ஒரு தேற்றத்தை நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். எடுத்துக்கொண்டது டென்சிட்டி ஹேல்ஸ்-ஜூவெட் தேற்றம். அது உண்மை என்று முன்பே நிறுவப்பட்டிருந்தது, அவர் தேடியது எளிய புதிய வழி ஒன்றை. முழுதாக யோசித்து முடித்துவிட்டு வராதீர்கள், அரைகுறை யோசனையாக இருந்தாலும் எழுதிவிடுங்கள் என்பது விதி. 37 நாளில் 27 பேர், ஏறத்தாழ 800 பின்னூட்டங்கள், 1,70,000 சொற்கள். நிரூபணம் கிடைத்தது. கட்டுரை ‘டி.எச்.ஜே. பாலிமாத்’ என்ற கற்பனைப் பெயரில் வெளியானது. இன்னொரு ஃபீல்ட்ஸ் பதக்கக்காரரான டெரன்ஸ் டாவோ அதில் கலந்துகொண்டவர். அவர் 2007இலிருந்து எழுதிவரும் பதிவிலும் இதே குணத்தைப் பார்க்கலாம். பாடக் குறிப்பு, பாதி வந்த யோசனை, இளம் ஆய்வாளர்களுக்குப் புத்திமதி எல்லாம் கலந்து கிடக்கும். எறும்பு போன பாதை தெரிகிற மாதிரி எழுதுவது அந்தத் துறையில் அதற்கு முன் பழக்கமே இல்லை.

எல்லாமே வேலையிலிருந்து வந்துவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. பாக்தாத்தில் ‘சலாம் பாக்ஸ்’ என்ற பெயரில் எழுதியவர் கட்டடக் கலைஞர். ஜோர்டானுக்குப் படிக்கப் போன நண்பர் ராயிதிடம் சேதி சொல்ல 2002இல் ஆரம்பித்தது, சில மாதங்களில் இராக் போரின் நடுவிலிருந்து உலகம் படிக்கும் குரலாகிவிட்டது. அதே ஊரிலிருந்து 2003 ஆகஸ்டில் எழுதத் தொடங்கிய ‘ரிவர்பெண்ட்’ ஒரு கணினிப் புரோகிராமர். போருக்கு முன் பார்த்த வேலைக்குத் திரும்பிப் போனபோது, பெண்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டதை அவர் தொடக்க வாரங்களிலேயே எழுதினார். வேலை பறிபோனதே அங்கே எழுதும் விஷயம். பதிவு தொடங்குவதற்கும் வேலை மாறுவது, இழப்பது, ஓய்வு பெறுவது போன்ற சமயங்களுக்கும் உள்ள நெருக்கம் அமைதியான ஊர்களிலும் அடிக்கடி கண்ணில் படும்.

சரி, ஆபத்துக்கு வருவோம். எழுத விஷயம் தந்த அதே வேலை கழுத்தையும் பிடிக்கும். ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்ற வலை வடிவமைப்பாளர் தன் சக ஊழியர்களையும் மேலதிகாரிகளையும் கிண்டலடித்து எழுதியதற்காக 2002இல் வேலையை இழந்தார். அவருடைய தளத்தின் பெயர் ‘டூஸ்’. பதிவெழுதி வேலையிழப்பதற்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. 2004இல் ஒரு அமெரிக்க விமானப் பணிப்பெண் சீருடையில் எடுத்த படங்களைத் தன் பதிவில் போட்டதற்காக நீக்கப்பட்டார். பாரிஸில் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் செயலாளராக இருந்த கேத்தரின் சாண்டர்சன் தன் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதியதே இல்லை. ஆனாலும் 2006இல் நீக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டார், அடுத்த ஆண்டு தொழிலாளர் நீதிமன்றம் ஏறத்தாழ 44,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. இப்படி ஜெயித்தவர்கள் பட்டியல் அதிக நீளமில்லை.

பெயரை மறைத்தால் போதாதா என்று தோன்றும். பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் ‘ஃப்ளீ’ என்ற பெயரில் எழுதிவந்தார். சர்க்கரை நோயால் இறந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் சிகிச்சையில் கவனக்குறைவு என்று அவர்மீது வழக்கு வந்தது. அந்த வழக்கு நடக்கும்போதே, எதிர்த்தரப்பு வழக்கறிஞரையும் நடுவர் குழுவையும் (ஜூரி) கிண்டல் செய்து பதிவு போட்டுக்கொண்டிருந்தார். 2007 மே மாதம், சாட்சிக் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் மருத்துவ வலைப்பதிவு ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பிறகு, ஃப்ளீ என்பது நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றார் மருத்துவர். நடுவர்களில் பலருக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரிந்திருக்காது. புரிய வேண்டிய இருவருக்கும் புரிந்தது. மறுநாள் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த துப்பறியும் காவலர் ரிச்சர்ட் ஹார்ட்டன் கதை இன்னும் கசப்பு. ‘நைட்ஜாக்’ என்ற பெயரில் அவர் எழுதிய பதிவுக்கு 2009இல், அரசியல் எழுத்துக்குத் தரப்படும் ஆர்வெல் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததுமே யார் இவர் என்று ஒரு நாளிதழ் தேடத் தொடங்கியது. பெயரை வெளியிடத் தடை கேட்டு நீதிமன்றம் போனார். வலைப்பதிவு என்பதே பொதுவெளிச் செயல், அதில் பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமையை எதிர்பார்க்க முடியாது என்று நீதிபதி மறுத்துவிட்டார். பெயர் வெளியானது, காவல்துறை எழுத்துமூலம் எச்சரித்தது, பதிவை அவரே அழித்தார். அந்த நாளிதழின் நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துதான் ஆளைக் கண்டுபிடித்தார் என்பது பிற்பாடு வெளியே வந்தது. 2012இல் 42,500 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அழித்த பதிவு அழித்ததுதான்.

தப்பிப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் சில தற்காப்புகளைக் கையாண்டார்கள். வயது, பாலினம், கிழமை, இடம் ஆகியவற்றை மாற்றி எழுதுவது. மூன்று நோயாளிகளைக் கலந்து ஒருவராக்குவது. நடந்த கையோடு எழுதாமல் சில மாதம் ஆறப்போடுவது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படிக்கிறவரைக் கட்டிப்போடுவது நுணுக்கமான விவரம். ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதே விவரம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பதிவு பாதுகாப்பாக இருக்கும், சப்பென்றும் இருக்கும். ஆசிரியர்கள் வகுப்பறையைப் பற்றி எழுதும்போது இந்தச் சப்பைத்தனம் அடிக்கடி தெரியும். பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரு குழந்தையை அடையாளம் கண்டுகொள்ள அந்த வகுப்பில் இருக்கும் மற்ற குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வரி போதும்.

இந்தச் சிக்கலெல்லாம் தீர வேலையை விட்டுவிட்டு எழுத்தையே வேலையாக்கிக்கொண்டால் என்ன? அங்கேதான் இன்னொரு பிரச்சினை காத்திருக்கிறது. ஜூலி பவல் 2002இல் எழுத ஆரம்பித்தபோது, நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகான மறுகட்டுமானத்தைக் கவனித்த அமைப்பில் செயலாளர். அந்த வேலையின் வெறுமையைத் தாங்க, அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் பிரெஞ்சு சமையல் நூலில் இருந்த 524 செய்முறைகளையும் ஒரே ஆண்டில் சமைத்துப் பார்த்து எழுதுவது என்று முடிவெடுத்தார். பதிவு 2005இல் புத்தகமானது, 2009இல் சினிமாவானது. அவர் செயலாளர் வேலையை விட்டார். அடுத்த புத்தகத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? ஒரு கசாப்புக் கடையில் தொழில் கற்கப் போனார். எழுத்துக்கு விஷயம் வேண்டுமென்றால் கையில் ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆம்ஸ்ட்ராங்குக்கும் அதேதான் நேர்ந்தது. வேலை போன பிறகு தாய்மை, மனச்சோர்வு, குடும்பம் என்று எழுதினார். விளம்பர வருமானத்தில் குடும்பமே நடந்தது. ஆனால் அப்போது அவருடைய அலுவலகம் வீடு, சக ஊழியர்கள் குழந்தைகள். அவர்களும் வளர்ந்து, தங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று புரிந்துகொள்ளும் வயதுக்கு வருவார்கள் அல்லவா? 2015இல் அவர் அந்த வேலையிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீக்க முதலாளி கிடையாது, பேச வேண்டியவர்களில் பலர் உயிரோடும் இல்லை. ஸ்பெயினில் மரியா அமெலியா லோபஸ் என்ற மூதாட்டிக்கு 2006 டிசம்பரில் 95வது பிறந்தநாள் பரிசாகப் பேரன் ஒரு வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தார். 97 வயதில் இறக்கும் வரை உள்நாட்டுப் போர்க்காலத்திலிருந்து அன்றைய அரசியல் வரை ஒன்றையும் விட்டுவைக்காமல் பேசினார். இந்த வகையில் விஷயம் நினைவிலிருந்து வருகிறது. அது தினமும் புதிதாகச் சுரக்காது. அதனால்தான் ஓய்வுபெற்ற பலரின் பதிவுகள் முதல் ஆண்டில் மளமளவென்று வந்து, பிறகு செய்தித்தாள் கருத்துகளாக மாறிவிடுகின்றன. விதிவிலக்குகள் உண்டு, குறைவு.

2007க்குப் பிறகு சமூக வலைத்தளங்கள் பெருகியதும் கூட்டம் அங்கே போனது. பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் மிச்சமிருந்த வாசகர்களும் சிதறினார்கள். வேலையிடத்தில் நடந்த ஒரு வேடிக்கையை நாலு வரியில் சொல்ல முகநூல் போதும், பதில் உடனே வரும். ஆனால் அங்கே பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான் படிக்கிறார்கள். தெரியாதவர்கள் படிக்க வேண்டும், தெரிந்தவர்கள் படிக்கக் கூடாது என்று முன்பு சொன்ன அந்த ஆசை தலைகீழாகிவிட்டது. அதனால் மேலதிகாரியும் மாமியாரும் ‘லைக்’ போடக்கூடியவை மட்டுமே அங்கே எழுதப்படுகின்றன. வலைப்பதிவில் தங்கியவர்கள் நாலு வரியில் அடங்காத விஷயம் உள்ளவர்கள். புரோகிராமர்கள், கணிதக்காரர்கள், வழக்கறிஞர்கள். அவர்களுக்குப் பதிவே தொழில்முறை அடையாள அட்டையாகவும் உதவுகிறது, ஆகவே பெயரை மறைப்பதில்லை. பெயரை மறைத்து எழுதிய ஆம்புலன்ஸ்காரர், காவலர் வகையினர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

2017இல் சப்ஸ்டாக் என்ற தளம் வந்ததிலிருந்து மின்னஞ்சல் கடிதமாக எழுதி, சந்தா வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. எழுத்துக்குக் காசு கிடைப்பது நல்லதுதான். ஆனால் சந்தா கட்டியவர் வாராவாரம் எதிர்பார்ப்பார். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நர்ஸோ, அறுவடைக் காலத்தில் தலைதூக்க நேரமில்லாத ஒரு விவசாயியோ அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. பழைய வலைப்பதிவில் அந்த நெருக்கடி இல்லை. மூன்று மாதம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, ஒரே ராத்திரியில் மூவாயிரம் சொல் எழுதிப் போட்டுவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் டியூட்டி இருக்கிறவர்களுக்கு இன்னும் அதுதான் தோதாக இருக்கிறது.